டேங்க் லீக்

முழுப் பரீட்சை லீவு விட்டால் என்னைக் கொரட்டூரிலிருந்து நசரத்பேட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் அத்தையும் மாமாவும் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லீவு நாட்களில் அந்த வீட்டுக்குப் பிள்ளை நான்தான் என்று குடும்பத்தில் பேசாமலே ஓர் ஏற்பாடு.

மாமா தினமும் சைக்கிள் மிதித்து ஆவடிக்குப் போனார். ராணுவத்துக்கு டேங்க் செய்யும் தொழிற்சாலையில், ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் தெருவில் யாரும் அவ்வளவு நுணுக்கமாக விசாரித்ததில்லை. அவரும் தானாகச் சொன்னதில்லை. ஊரில் அவருக்குப் பெயரே டேங்க் கம்பெனிக்காரர்.

அந்த வருஷம் நான் போய்ச் சேர்ந்த மறுநாள் கோடை மழை கொட்டியது. மழை விட்டதும் பார்த்தால், வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நீல நிற வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் பூப்போட்ட திரை. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, திருகினால் தண்ணீர் கொட்டுகிற குழாய், கீழே அதற்குத் தண்ணீர் நிரப்பி வைக்கும் தொட்டி. வண்டிக்குள் வீடு கட்டிக்கொண்டு, எங்கேயோ சீமையிலிருந்து தரை வழியாகவே வந்திருந்தார்கள் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். இரண்டு பேருமாகச் சேர்ந்து நனைந்த மெத்தையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே இழுத்தாள்.

வெள்ளைக்காரர் டீக்கடைக்காரரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் நேராக எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“அண்ணாத்தே, தொரை இன்னாவோ டேங்கு லீக்குன்றாரு. நீதான் டேங்கு ஆளாச்சே, வந்து இன்னான்னு பாரு.”

மாமா ஒரு கணம் திகைத்தார். பிறகு தலையை வாரிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாங்க, அது தண்ணித் தொட்டி. நீங்க பண்றது சண்டை டேங்கு.”

“டேங்குன்னா எல்லாம் ஒண்ணுதான், போடி.”

வேனில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் குழப்பம். கட்டிலுக்கு மேலே கூரை சொட்டியது, கால்மாட்டில் தரையும் ஈரம். மாமா கூரைமேல் ஏறி, கட்டிலுக்கு நேர் மேலே தார் பூசினார். வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் மறுபடியும் அதே இடத்தில் சொட்டியது. இன்னும் தார் பூசினார். இன்னும் சொட்டியது. கடைசியில் அத்தை சொன்னாள்: “அல்லாத்தையும் ஒரேடியா ஊத்தாதீங்க. கொஞ்சங் கொஞ்சமா, ஒவ்வொரு எடமா ஊத்துங்க.” என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். சொட்டு விழுந்தால் கத்த வேண்டும். மாமா பின்பக்கம் ஊற்றினார், நடுவில் ஊற்றினார், ஒன்றும் இல்லை. முன்பக்கம், சாமான் பெட்டி கட்டுவதற்காகக் கூரையில் கம்பி முடுக்கியிருந்த இடத்தில் ஊற்றியதும், எனக்குப் பின்னால் இருந்த கட்டிலில் சொட்டென்று விழுந்தது. “வந்துச்சி! வந்துச்சி!” என்று கத்தினேன். முன்னால் புகுந்த தண்ணீர் கூரைத் தகட்டுக்குள்ளேயே பயணம் போய், பின்னால் இறங்கியிருக்கிறது. அந்தத் துளையை அடைத்ததும் மேல் ஒழுக்கு நின்றது.

தரை ஈரம் மட்டும் நிற்கவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, துணிக்குப் போடும் நீலத்தை அத்தை தொட்டியில் கரைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குழாய் தொட்டியோடு சேரும் மூட்டில் நீலமாக ஒரு முத்து எட்டிப் பார்த்தது. மாமா லாரிக்காரர்கள் செய்வதுபோல் துணி சோப்பைப் பிசைந்து அப்பினார். அது கரைந்து வேன் முழுக்க நுரை. பிறகு சணல் நூலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவி முடுக்கினார். மூட்டு காய்ந்து கிடந்தது. வெள்ளைக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்கத்தா, அதற்கும் மேலே நேபாளம், மழைக்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். மறுநாள் காலையில் கிளம்புவதாகப் பேச்சு.

மறுநாள் காலையில் தரையில் நீலத் தண்ணீர் தேங்கி நின்றது.

மாமா மறுபடி சணல் சுற்றினார். அன்று நன்றாக இருக்கும், மறுநாள் ஒழுகும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். வெள்ளைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “வேலை தெரிஞ்ச ஆளுதானா?” என்று டீக்கடையில் யாரோ கேட்டதாகச் செய்தி வந்தது. மாமா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளைக்காரம்மாவோ பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு காலையில் கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். முந்தின நாள் நாங்கள் கொடுத்த காரக்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன். அத்தை அவளுடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு கொடுத்தாள். அவள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். அன்றிலிருந்து அத்தை அவளை ஒரு குடம்கூடத் தூக்க விடவில்லை. ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. அப்படியும் மணிக்கணக்கில் பேசினார்கள்.

ஒரு மத்தியானம், கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிற என் கல்லைத் தேடி வேனுக்குள் போனேன். வெள்ளைக்காரர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஸ்பானரால் அந்த மூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். சரி, மாமாவுக்கு உதவுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நீலத் தண்ணீர் அவள் விரல் வழியாக வழிந்தது. அவள் திருகியது இறுக்க அல்ல. என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் நிரம்பிவிட்டன.

நான் அத்தையிடம் ஓடினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

“மாமா கையில சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத கண்ணு. நீ ஒண்ணும் பாக்கல.”

“அத்தை, அந்தம்மாதான் ஒயுக உடுது! மாமாவ எல்லாரும் கிண்டல் பண்றாங்க!”

“பண்ணிட்டுப் போவட்டும். வண்டி குலுங்காம கொஞ்ச நாளு நிக்கட்டும்.” முறம் மறுபடி அசையத் தொடங்கியது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெத்தை நனைந்ததற்கு அழுத அந்த அம்மா இப்போது தானே தரையை நனைக்கிறாள். மாமாவை ஒருவர் குறை சொன்னால் சண்டைக்குப் போகும் அத்தை, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். அது மட்டுமா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் போய், “இன்னும் ஒயுவுதாம், நல்லாப் பாருங்க” என்று அவளே சொன்னாள். பெரியவர்களை நம்புவதா கூடாதா என்று அன்று பூராவும் யோசித்தேன்.

மாம்பழம் ஓய்ந்து, பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் ஒழுக்கு தானாகவே நின்றது. மாமா மட்டும் அப்படிச் சொல்லமாட்டார். சணலை வலப்பக்கமாகச் சுற்றியதுதான் சூட்சுமம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒருநாளும் மறுக்கவில்லை. அவள் மூன்று பிள்ளைகளைக் கருவிலேயே இழந்தவள் என்பதும், கடைசி முறை பஸ்ஸில் காஞ்சிபுரம் போய்வந்த மறுநாளே அது நடந்தது என்பதும், எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொல்லித் தெரியும்.

வேன் கிளம்பிய காலையில் வெள்ளைக்காரர் முன் சீட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையணை அடுக்கினார். அவர் கையில் அன்று வரைபடம் இல்லை, நேபாளப் பேச்சும் இல்லை. அவர் மனைவி அத்தையின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். வயிற்று வலிக்கு மருந்து கேட்கிறாள் என்று நினைத்து, நான் உள்ளே ஓடி ஓமத் தண்ணீர் எடுத்துவந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேர் கன்னங்களும் நனைந்திருந்தன.

வண்டி மெதுவாக, குழிகளைப் பார்த்துப் பார்த்து விலகி, பூந்தமல்லிப் பக்கம் போய் மறைந்தது. அத்தை கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “தங்கிடுச்சி” என்றாள்.

“போய்ட்டாங்களே அத்தை” என்றேன் நான், ஓமத் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி.