பொதுச்சுவரும் பகல் தூக்கமும்

அடுத்த வீட்டுச் சத்தம் உள்ளே வராமல் அறையை அடைத்துக் கொடுப்பது என் தொழில். திருச்சியில் இதைச் செய்து நான் கண்ட மிச்சம் தலைவலிதான். பொதுச்சுவர் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

இரண்டு விரல் சந்து

புத்தூரில் ஒரு தம்பி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அவருடைய மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்கிறதாம். சுவரை ஒட்டிச் சட்டம் அடித்து, பஞ்சு திணித்து, பலகை போட்டு, கதவுக்கு ரப்பரும் ஒட்டிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் போன் வந்தது, விசில் அப்படியே கேட்கிறதென்று.

போய்ப் பார்த்தால் ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கிறது. கிழக்கு ஜன்னலை முழுக்க மூடக் கூடாது என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டாராம். தம்பியின் அப்பா எனக்கு நியாயம் சொன்னார்: "கொஞ்சமாத்தானே சார் திறந்திருக்கு, அப்ப சத்தமும் கொஞ்சமாத்தானே வரணும்?"

யார் ஜெயித்தது?

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் நிம்மதியே போச்சு என்று புலம்பினார். சுவரை அடைத்துக் கொடுத்தேன். மறுநாளே வரச் சொன்னார். விரிசல் விட்டுவிட்டதோ என்று பதறி ஓடினேன்.

"ஒரு குறையும் இல்லேப்பா, நன்னாத்தான் பண்ணியிருக்கே. ஆனா நேத்து சண்டையில யார் ஜெயிச்சான்னே தெரியலே. ஓரமா ஒரு பலகையை மட்டும் கழட்டிடறயா?"

என் வீட்டுச் சுவர்

என் மனைவி செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டூட்டி. காலையில் வந்து படுத்துக் கண் அசரும் நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா கிரைண்டரைப் போடுவார். இட்லி மாவு விற்கிறவர். "அவங்க பிழைப்புங்க அது, போய் ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்று செல்வி என் வாயை அடைத்துவிட்டாள். காதில் பஞ்சோடு புரண்டுகொண்டிருப்பாள். ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவள், "ஊசியைக் கையில வச்சுக்கிட்டு எந்த பெட்டுக்குன்னு தெரியாம நின்னுட்டேங்க" என்றாள்.

மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து எங்கள் சுவரை அடைத்தேன். பேச்சுச் சத்தம் நின்றது, டிவி நின்றது, கிரைண்டர் நிற்கவில்லை. அதன் அதிர்வு தரை வழியாக வந்து கட்டிலில் ஏறியது. கடைசியில், கிரைண்டருக்கு அடியில் போட ஒரு ரப்பர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

விஷயத்தைக் கேட்டவர் ஷீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தங்கச்சி பகல்ல தூங்குதுன்னு எனக்கு யாரு தம்பி சொன்னா? அது டூட்டிக்குக் கிளம்பினதும் சாயங்காலம் ஆட்டிக்கிறேன், காலையில விக்கறதுக்குள்ள மாவு புளிச்சுத் தயாராயிடும்."

இப்போதெல்லாம் அளவெடுப்பதற்கு முன்னால் "பக்கத்து வீட்டுல சொல்லிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்; செல்வி நன்றாகத் தூங்குகிறாள், தொழிலும் கூடவே தூங்குகிறது.