பதினாறு யூனிட்

பழவேற்காட்டில் பிரின்சியை ‘கரண்ட்டுக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பது அவள் வேலை. வயது நாற்பத்தேழு. கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், அப்பா அந்தோணிசாமி இறந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் ஆளில்லாமல் போனது. திருப்பாலைவனத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினால் ஏரிக்கரைக் குப்பங்களையும் ஊரின் பழைய தெருக்களையும் சுற்றிவிட்டு, பொழுது சாயும்போது அறைக்குத் திரும்புவாள். ஒரு நாளில் இருநூறு வாசல் ஏறி இறங்கினாலும் எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டியைத் தாண்டி உள்ளே போனதில்லை.

அவள் துப்பறியும் கதைகள் எழுதுவது அங்கே யாருக்கும் தெரியாது. சென்னையில் மாத நாவல் போடும் லோகநாதனுக்கு மட்டும் தெரியும். அப்பா பெயரில் எழுதினாள். பதினோரு நாவல்கள் வந்திருந்தன. கதை தொடங்க அவளுக்குப் பிணம் தேவைப்படவில்லை. இடத்துக்குப் பொருந்தாத ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் போதும். ஒருமுறை, கடலுக்குப் போகிறவர்களே இல்லாத ஒரு வீட்டின் கொடியில் ஈரம் சொட்டும் வலையைப் பார்த்தாள். அது யாருடையது, இங்கே ஏன் காய்கிறது என்று யோசித்து யோசித்தே ஒரு நாவல் வந்துவிட்டது. முடிவை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி யோசித்து வருவாள்.

மெஹருன்னிசா என்ற அம்மாளின் வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அவர் பிள்ளையோடு சென்னைக்குப் போய்விட்டார். மீட்டர் வெளிச்சுவரில் இருந்ததால், பிரின்சி ஒவ்வொரு முறையும் அதே பழைய எண்ணைப் பதிந்துவிட்டு நகர்வாள். சென்ற வருஷம் ஒருநாள் எண் மாறியிருந்தது. பதினாறு யூனிட் ஓடியிருந்தது. வாசல் கதவில் அதே பூட்டு, பூட்டில் அதே துரு. நூறு யூனிட் வரை கட்டணம் இல்லாததால் சென்னையில் இருப்பவர்களுக்கு இது தெரியவர வழியில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து கணக்குப் போட்டாள். ஃபிரிட்ஜ் ஓடினால் இதைவிட அதிகம் காட்டும். மோட்டார் போட்டாலும் அப்படித்தான். ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், தினம் இரண்டேகால் மணி நேரம் என்று வைத்தால் பதினாறு சரியாக வந்தது. ஆக, உள்ளே ஒரு ஆள். சமைக்கவில்லை, குளிக்கவில்லை. வருகிறான், இருக்கிறான், போகிறான்.

போலீஸுக்குப் பயந்து ஒளியும் ஒருவனை வைத்து நாற்பது பக்கம் எழுதி அனுப்பினாள். லோகநாதன் போன் செய்தார்.

“மேடம், ஆள் ஒளிஞ்சிருக்கான், சரி. ரெண்டு மணி நேரம் மட்டும் ஒளியறவன் எவன்? மிச்ச நேரம் ஊருக்குள்ளதான சுத்துறான்? காரணம் பத்தலையே.”

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வேறு காரணங்கள் யோசித்தாள். எதுவும் ஒட்டவில்லை.

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, மத்தியான வெயிலில் அந்தத் தெருவுக்குப் போனாள். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. பக்கத்துச் சந்து வழியாக வீட்டின் பின்பக்கம் வந்தாள். அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுதான், நடுவில் சுவர் இல்லை. சாத்திய ஜன்னலுக்குள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பின்கதவைத் தட்டினாள்.

ஃபேன் நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு ஒருக்களித்துத் திறந்தது. அடுத்த வீட்டு மருமகள் ஃபர்ஹத். முப்பது வயதிருக்கும். தலைமுக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“அக்கா, நீங்களா? மாமி அனுப்பிச்சாங்களா?”

“யாரும் அனுப்பலம்மா. மீட்டர் ஓடுதேன்னு பார்க்க வந்தேன்.”

“அய்யோ, அது அவ்ளோ காட்டுதா?” ஃபர்ஹத் வெளியே எட்டிப் பார்த்தாள். “சத்தமா பேசாதீங்கக்கா. இந்த வீட்டுப் பெரிய மாமி சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க, வாரத்துல ஒரு நாள் பெருக்கச் சொல்லி. எங்க வீட்ல ஒம்போது பேரு. மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரத்துல வந்துடுவேன்.”

“வந்து இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்றதில்ல. ஃபேனப் போட்டுட்டுப் படுத்துப்பேன். யாரும் கூப்பிட மாட்டாங்க இல்ல, அவ்ளோதான்.”

உள்ளே தரையில் ஒரு பாய் மட்டும் விரித்திருந்தது. பிரின்சி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கதை நான்கே நாளில் முடிந்தது. கதையில் வீட்டைச் சுண்ணாம்புக்குளம் என்ற ஊருக்கு மாற்றினாள். ஃபர்ஹத்தை ஒரு ஆணாக்கினாள். தனியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொய்மேல் பொய் சொல்லி, கடைசியில் செய்யாத கொலைக்குச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்பவன். லோகநாதன், “இதுவரைக்கும் நீங்க எழுதினதுலயே இதுதான் பெஸ்ட்” என்றார்.

அடுத்த கணக்கெடுப்பில் மெஹருன்னிசா வீட்டு மீட்டர் ஆறு யூனிட் மட்டும் ஓடியிருந்தது. அதில் பெரும்பகுதி அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் ஓடியதாகத்தான் இருக்கும். அடுத்த வீட்டுக்குப் போனாள். மாமியார் முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஃபர்ஹத் துணி உலர்த்தும் சாக்கில் மீட்டர் பக்கம் வந்தாள்.

“நான் மூச்சு விடல ஃபர்ஹத்,” என்றாள் பிரின்சி மெதுவாக.

“தெரியும்க்கா. நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா, நீங்க தட்டினதுலேர்ந்து அங்க படுத்தா கதவு மேலயே காது போவுது. எவனோ வர்றான்னு தோணுது. தூக்கம் வரல. அதான் போறதில்ல.”

“என் ரூம் பகல் பூரா பூட்டித்தான் கெடக்கு. சாவி தரேன்.”

ஃபர்ஹத் சிரித்துவிட்டாள். “திருப்பாலைவனத்துக்கா? இன்னா சொல்லிட்டு பஸ் ஏறுறது நானு?”

“யாருகிட்ட பேச்சு?” என்று மாமியார் குரல் கொடுத்தார். ஃபர்ஹத் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரின்சி அன்று மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டாமல், ஜன்னலோரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் கதைக்கு முடிவு கிடைத்திருக்காது, அவ்வளவுதானே. தான் தினமும் அறைக் கதவைத் திறந்து வேண்டாவெறுப்பாக நுழையும் அந்தத் தனிமைக்காக ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்கதவைத் திறந்திருக்கிறாள். அதைப் போய்க் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது.

அந்த வாரமே ஆபீஸில் பூபதியிடம் கேட்டு வட்டாரத்தை மாற்றிக்கொண்டாள். பழவேற்காடு அவனுக்கு, காட்டூர்ப் பக்கம் அவளுக்கு. மீட்டரைப் பார்த்தால் பதிந்துவிட்டுப் போகிறவன் பூபதி, எதையும் கேட்கமாட்டான். தன் முகம் அந்தத் தெருவில் தெரியாமல் இருந்தால் ஃபர்ஹத் ஒருநாள் திரும்பப் போகலாம் என்று நினைத்தாள். ‘கரண்ட்டுக்கா’ என்று கூப்பிட காட்டூரில் யாரும் இல்லை.

நாவல் தை மாதம் வந்தது. பொன்னேரியிலிருந்து சுபஸ்ரீ என்ற வாசகி, லோகநாதனிடம் நம்பர் வாங்கிப் பேசினாள். பெண் குரலைக் கேட்டதும் திகைத்து, பிறகு சமாளித்துக்கொண்டு, “அந்த ஆளு கேஸ்லேர்ந்து வெளிய வந்துடுறான், சரி. மறுபடி அந்த வீட்டுக்குப் போனானா மேடம்?” என்றாள்.

“தெரியலம்மா,” என்றாள் பிரின்சி.

“நீங்கதான எழுதினீங்க?”

“ஆமா, நான்தான்.”

வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாள். இன்னும் அறுபது வீடு பாக்கி இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.