வண்டிச் சத்தம் அளந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் முதல் பாடவேளை முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. பந்தயக் குழுவின் வாட்ஸ்அப்பில் மாலை சூட்டிய ஒரு படம், கீழே நான்கு வரிகள். சேந்தமங்கலம் சைலன்சர் கடை பொன்னுசாமி மாரடைப்பால் காலமானார்; நமது குவாட் பந்தயங்களில் ஆறு ஆண்டுகள் ஒலிச் சோதகராகச் சேவையாற்றியவர்; வரும் ஞாயிறு, பந்தயம் தொடங்குமுன், பதினெட்டு வண்டிகளும் ஒரு நிமிடம் முழு வேகத்தில் இன்ஜினை முழக்கி அன்னாருக்கு அஞ்சலி செலுத்தும். இதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் நாற்பதுக்கு மேல் விழுந்திருந்தன.

மதுவிலக்குக்காக உழைத்தவரின் படத்துக்கு முன்னால் எல்லாரும் ஆளுக்கொரு குவளை குடிப்பதைப் போன்ற மரியாதை இது. யாரும் கேலிக்காகச் செய்யவில்லை. அந்த மனிதர் ஆறு ஆண்டுகள் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது கைகூப்பிய நாற்பது பேருக்கும் உண்மையிலேயே தெரியாது. எனக்குத் தெரியும். அவர் சொன்ன எண்களை எழுதியவன் நான்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குவாட் என்பது நான்கு பருத்த சக்கரங்கள் மேல் மோட்டார் சைக்கிளைப் போல் கால்விரித்து உட்கார்ந்து மண்ணிலும் பாறையிலும் ஓட்டும் வண்டி. கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பக்கம், மரவள்ளிக் காட்டை ஒட்டி அதற்கொரு ஓடுதளம் இருக்கிறது. பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தபோது ஊராட்சி ஒரு நிபந்தனை போட்டது: எந்த வண்டியும் தொண்ணூற்றாறு டெசிபலைத் தாண்டக் கூடாது, தாண்டிய வண்டி ஒன்று ஓடினாலும் அனுமதி ரத்து. அதற்காகத்தான் பொன்னுசாமி.

அவர் சோதிக்கும் முறை எளிது. புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர், பக்கவாட்டில் நாற்பத்தைந்து பாகை. அரை மீட்டருக்கு ஒரு கயிறு வைத்திருந்தார். ஓட்டுநர் இன்ஜினை ஒரே வேகத்தில் பிடிக்க வேண்டும். ஒலி அளக்கும் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வார். "ஒருக்காத்தான் சொல்லுவேன் வாத்தியாரே, எழுதிக்குங்க." நாமக்கல்லில் இருந்து வந்த பணக்காரப் பையன் ஒருவன் தன் அப்பா யார் தெரியுமா என்று தொடங்கியபோது, "நான் ஆள அளக்கல கண்ணு, கொழாய அளக்குறேன்" என்றார்.

ஏமாற்றுகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஒரு தொழில்காரரின் ஆர்வம்தான் இருந்தது. ஒருமுறை ஒருவர் சைலன்சருக்குள் தேங்காய் நாரைத் திணித்துக் கொண்டுவந்தார். சத்தம் அடங்கித்தான் இருந்தது. பொன்னுசாமி வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொன்னார். குழாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. "ஏனுங்க, உள்ள சாம்பிராணி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாரை எடுத்துப்போட்டு மறுபடி வரச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அன்று முழுக்க அந்த மனிதரைச் சாமியார் என்றே கூப்பிட்டார்கள்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரு மனுவின் பொருட்டு. ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டுக்கு எதிரே பாப்பாத்தியின் வீடு. பந்தயம் இல்லாத நாட்களிலும் அதே வண்டிகள் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவள் வாசல்வழியே ஓடும். அவள் குழுவுக்கு ஒரு மனு கொடுத்தாள்: "வண்டிச் சத்தம் மிகவும் அதிகமாக இருக்கிறது. குறைத்துத் தர வேண்டும்." எங்கள் பக்கத்தில் வண்டிச் சத்தம் என்றால் வண்டிக்குக் கொடுக்கும் வாடகையும்தான். குழுத் தலைவர் படித்தார், புரிந்துகொண்டார், எந்தப் பொருளில் புரிந்துகொள்வது தமக்கு நல்லதோ அந்தப் பொருளில். ஒரு வாரத்தில் பலகை எழுந்தது: ஊர்மக்களின் கோரிக்கையை ஏற்று வண்டிச் சத்தம் குறைக்கப்பட்டுள்ளது. சவாரிக் கட்டணம் குறைந்ததும் கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதும் மற்ற சத்தமும் கூடியது. மக்கள் கோரிக்கை இவ்வளவு விரைவாக நிறைவேறிய ஊர் வேறு இருக்காது.

அந்தப் பலகையின் வாசகத்தில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.

பொன்னுசாமி பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பாப்பாத்தி வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அவளுடைய ஏழு மாதக் குழந்தையின் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது. அவர் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது, "தமிழ் படிச்சது இதுக்குத்தானுங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

அடுத்த பந்தயத்தில் புரவலரின் வண்டி சோதனைக்கு வந்தது. பந்தயத்துக்கே அவர்தான் செலவு செய்கிறார். வண்டியில் புதுக் குழாய். பொன்னுசாமி கயிற்றைப் பிடித்தார், பார்த்தார், நூற்று மூன்று என்றார்.

தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அண்ணா, காத்து அடிச்சுதுங்க. தொண்ணூத்தஞ்சுன்னு போட்டுக்கலாம்."

"காத்து அடிச்சா எலை ஆடோணும். அந்தப் பலா மரத்தப் பாருங்க, ஆடுதுங்களா?"

எல்லாரும் மரத்தைப் பார்த்தோம். ஓர் இலைகூட ஆடவில்லை. பிறகு தலைவர் என்னைப் பார்த்தார். ஒருமுறைதான் சொல்வேன் என்கிறவர், அன்று மட்டும் இரண்டாம் முறை சொன்னார்: "நூத்தி மூணு வாத்தியாரே."

நான் தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். சோதகர் கையெழுத்து என்ற இடத்தை அப்படியே விட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கும் காது போயிருச்சாட்ட இருக்குது" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிப் போனார். கையெழுத்தைத் தலைவரே போட்டுக்கொண்டார்.

அவரைக் குழு நீக்கவில்லை. அப்படிப் பண்பில்லாத காரியங்களை எங்கள் குழு செய்யாது. சேந்தமங்கலத்துக்கே போய்ப் பொன்னாடை போர்த்தி, கௌரவ ஆலோசகர் ஆக்கினார்கள். அதன்பிறகு யாரும் அவரிடம் ஆலோசனை கேட்கவில்லை. புதிய சோதகர் தம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியால் அளக்கிறார். கொல்லிமலையில் இப்போது எந்த வண்டியும் தொண்ணூற்றாறைத் தாண்டுவதில்லை. பாப்பாத்தியின் குடும்பம் மட்டும் ஏனோ ஒவ்வொரு பந்தய நாளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மாலைவரை சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று அடக்கத்துக்கும் அவள் வந்திருந்தாள், குழந்தையோடு. குழந்தை இப்போது நடக்கிறது. தலைவர் அனுப்பிய மலர்வளையம் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. பாப்பாத்தி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அவருக்கு ஏதோ மரியாத செய்யறாங்களாமே. ஞாயித்துக்கிழமையும் நாங்க பஸ் ஏறோணுங்களா, வாத்தியாரே?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. எந்த பஸ் என்று முடிவு செய்வதற்காகக் கேட்டாள்.

நண்பர்களே, பொன்னுசாமியின் மீட்டரும் கயிறும் அவர் மகளிடம் இருக்கின்றன. அவை அங்கேதான் இருக்க வேண்டும். என்னிடம் மிச்சமிருப்பது அவர் இரண்டு முறை சொன்ன ஓர் எண் மட்டும். பதிவேட்டில் புரவலர் வண்டிக்கு எதிரே உள்ள தொண்ணூற்றைந்து என் கையால் எழுதிய பொய். அவர் அளந்தது நூற்று மூன்று. அந்த வண்டி அன்று ஓடியது. இதை ஒரு தாளில் எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டு, இன்று காலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டேன். இந்த முறை இரு பொருள்படும் சொல் எதுவும் அதில் இல்லை; மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

ஞாயிறன்று அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் மலைக்கு ஏற வேண்டாம். சேந்தமங்கலத்தில் அவர் வீடு திறந்திருக்கும். வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு நடந்து வாருங்கள்.