இடுப்பு தெரியாத படம்

குளவியைப் போட்டோவில் பார்த்து இன்னது என்று சொல்வது என் வேலை. அனுப்புகிறவருக்கு அவசரம், அவர் எடுத்த படத்துக்கு நடுக்கம்.

பாகூர், வில்லியனூர் பக்கத்து ஜனங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கறுப்புக் குளவி இங்கே இரண்டு உண்டு. ஒன்று மண் குளவி, தன் பாட்டுக்குச் சுவரில் கூடு கட்டும். மற்றது கதண்டு, கூட்டமாகக் கொட்டி ஆளையே முடித்துவிடும். இடுப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மண் குளவிக்கு நூல் போல இருக்கும், கதண்டுக்குக் குட்டை. மங்கலான படத்துக்கு உடனே பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

செருப்படி பட்டது

வில்லியனூர்க்காரர் ஒருவர் செருப்பால் அடித்து நசுக்கியதைப் படம் எடுத்து அனுப்பினார். இடுப்பு இருந்த இடத்தில் கூழ்தான் இருந்தது. உயிரோடு ஒரு படம் அனுப்புங்கள் என்றேன்.

“அது உசுரோட இருந்தா நான் ஓடுவனா, போட்டோ புடிப்பனா சார்?”

நல்ல சேதி

ஏம்பலத்திலிருந்து செல்வி. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மண் குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் யாரும் அதைக் கலைக்க மாட்டார்கள். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த குளவியின் படம் அனுப்பியிருந்தாள். இறக்கை இடுப்பை மறைத்திருந்தது. கூட்டின் படம் கேட்டேன். உடனே வந்தது, சுவரில் சுத்தமான மண் கூடு. மண் குளவிதான், பயமில்லை, விட்டுவிடுங்கள் என்று எழுதினேன்.

“உங்க வாய் பலிக்கணும் சார்!”

இரண்டு படம்

பத்து நாள் கழித்து அவள் கணவர் குமார் ஜன்னலை ஒட்டிய தென்னையில் மட்டை வெட்ட ஏறினார். குளவி பறந்ததைப் பார்த்து, “சார் சொன்ன மண் குளவிதான், ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிவிட்டு வெட்டியிருக்கிறார். ஓலைக்குள் இருந்தது கதண்டுக் கூடு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார்.

பூச்சி ஜன்னலில், கூடு சுவரில். இந்தப் பூச்சிதான் அந்தக் கூட்டைக் கட்டியதா என்று நான் கேட்கவே இல்லை. காரியத்துக்குப் போனேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. செல்வி என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள்.

“இன்னும் கலைக்கல சார். இதுவாவது மண் குளவி கூடுதான?”

மண் குளவிக் கூடுதான். அந்த விஷயத்தில் நான் தப்பில்லாமல் சொல்லியிருந்தது அது ஒன்றுதான்.