டொலரில் வரும் தம்பி

முன்னறையிலிருந்து பாமாவின் சிரிப்புக் கேட்டது. குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த சுலோச்சனாவின் கை அப்படியே நின்றது. தங்கச்சியின் அந்தச் சிரிப்பு! அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ பச்சை மிளகாய் அரைப்பதுபோல் அவளுக்கு எரியும்.

"அத்தான், உங்கட லண்டன் பவுணைப் பாத்தீங்களே? டொலரோடை சமனா வந்து நிக்கப்போகுது! இனி வெள்ளைக்காரனும் எங்களிட்டைத்தான் கைமாத்துக் கேக்கவேணும்."

எங்களிட்டையாம்! இவள் புருஷன் சவூதியில் அமெரிக்க எண்ணெய்க் கொம்பனியில் டொலரில் சம்பளம் எடுக்கிறான். அதற்காக டொலரை இவளா அச்சடிக்கிறாள்?

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த செய்தி வந்த அன்றே சுலோச்சனா சொல்லிவிட்டாள், தம்பி பாலேந்திராவைத் தானே லண்டனுக்கு எடுப்பிப்பேன் என்று. லண்டன் தமிழருக்குள் அது பெரிய பட்டம். கலியாண வீட்டிலும் கோயிலிலும், "இவ எடுப்பிச்ச பெடியன்" என்று ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பேருக்காக விடியற்புறம் கந்தோர்களின் தரை மேசைகளைத் துடைத்தாள்; பின்னேரம் ஆஸ்பத்திரி உடுப்புகளைத் தோய்த்தாள். தம்பி இப்போது பாங்கொக்கில் மாட்டிக்கிடந்தான். அங்கிருந்து ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோ டொலரைத் தவிர வேறெதையும் தொடமாட்டானாம். அவள் சேர்க்கத் தொடங்கியபோது ஒரு பவுணுக்கு ஒன்றரை டொலர் வந்தது. அவள் சேர்க்கச் சேர்க்கப் பவுண் தேய்ந்துகொண்டே போனது.

தேத்தண்ணித் தட்டோடு முன்னறைக்கு வந்தாள்.

"மிச்சத்தை நான் போடுறன், அக்கா," என்றாள் பாமா.

பேப்பரிலிருந்து தலையெடுக்காமலே கணவர் வைத்தியநாதன் சொன்னார்: "டொலர் இவ்வளவு உயரத்திலை கனகாலம் நிக்காதெண்டு எழுதியிருக்கிறாங்கள். ஏறினது இறங்கத்தானே வேணும்."

சுலோச்சனாவின் முகம் மலர்ந்தது. "கேட்டியே? டொலர்தான் உலகமெண்டு எந்த நாளும் இருக்காது! கொஞ்சம் பொறுப்பம். விழட்டும். அப்ப ஏஜென்சிக்குக் கட்ட என்ரை காசே காணும்."

பாமா சிரிக்கவில்லை. "டொலர் விழுமட்டும் தம்பி ஒளிச்சிருக்கிறதோ, அக்கா? கதவு தட்டுப்பட்டாலே கட்டிலுக்குக் கீழை பூருறானாம்."

வைத்தியநாதன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் அவள் அறைக்குள் ஓடினாள். அலுமாரியிலிருந்த காசுக்கட்டை எடுத்துவந்து தங்கச்சியின் மடியில் போட்டாள்.

"வச்சிரு அக்கா. முழுக்க நான் கட்டுறன். ஆரும் கேட்டா நீதான் எடுப்பிச்சதெண்டு சொல்லுறன்."

சிரிப்பைவிட அந்த இரக்கம்தான் அதிகமாகச் சுட்டது.

"உன்ரை பிச்சைப் பேர் எனக்கு வேண்டாமடி!" என்றாள் சுலோச்சனா. "இதையும் டொலரா மாத்து. வாறது வரட்டும். என்ரை வேர்வையும் சேர்ந்துதான் அவனை இஞ்சை கொண்டு வரவேணும்."

"இப்ப மாத்தினா நட்டமெல்லே?"

"நட்டம் எனக்குத்தானே. கொண்டுபோ."

பாமா காசைக் கைப்பைக்குள் வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "ஈலிங் வீட்டிலை எங்கட மேலறை சும்மாதான் கிடக்கு. அவன் அங்கையே இருக்கட்டுமன்."

இந்த வீட்டில் ஒரு கட்டில் போடவும் இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"முதல் சோறு இஞ்சை," என்றாள் சுலோச்சனா. "அதையும் தட்டிப்பறிக்காதை."

"ஓம் அக்கா. போட்டு வாறன்."

தங்கச்சியின் சப்பாத்துச் சத்தம் படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை நின்று கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் கதவை அடித்துச் சாத்தினாள்.