எந்த முனையில் சுரண்டுவது?

சென்ற வாரம் ராஜம் பாடுவதை நிறுத்திவிட்டாள். காரணம், அவள் புருஷனாகிய நான்தான்.

ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் கிராணி; கணக்கு எழுதும் வேலை. மாலையானால் மவுத் ஆர்கனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். நான் வாசிப்பேன், ராஜம் பாடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது. அந்த ஞாயிறு, எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். பாட்டு மேலே ஏறும் ஓர் இடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒட்டவில்லை. டிரஸர் முகம் சுளித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"சுருதியைப் பிடிச்சுப் பாடு, ராஜம்" என்றேன். எல்லோர் முன்னாலும்.

"எறங்குறது உங்க மவுத் ஆர்கன்தாங்க" என்றாள் மெதுவாக.

"இது ஜெர்மன் சாமான். தப்பாது!"

அதோடு சரி. திங்கள் பாட்டில்லை. செவ்வாயும் இல்லை. சோறு உண்டு, காபி உண்டு, கேட்டதற்குப் பதில் உண்டு... வீடு மட்டும் வெறிச்சென்று கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை.

புதனன்று தனியாக உட்கார்ந்து, ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக இரண்டு ஸ்தாயியில் சேர்த்து ஊதிப் பார்த்தேன். சரியாக இருந்தால் ஒரே ஒலியாய் நிற்க வேண்டும். எனக்கோ "வொய்ங்... வொய்ங்..." என்று நடுக்கம் கேட்டது. உள்ளே ஒலிக்கும் இரண்டு ரீடுத் தகடுகளின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான். மேல் ரீடு இறங்கியிருந்தது — ராஜம் சொன்ன அதே இடம்!

மூடியைக் கழற்றினேன். வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒரு முனையில் ஆணி, மறுமுனை சும்மா ஆடும். சுரண்டினால் சுருதி ஏறும் என்று யாரோ சொன்ன ஞாபகம். எந்த முனையில்? பால்மரத்தை அடிப்பக்கம் சீவுவதையே தினமும் பார்க்கிற கண் அல்லவா... ஆணிக்குப் பக்கத்தில் சுரண்டினேன். ஊதினேன். அலமாக், போச்சு! இன்னும் இறங்கிவிட்டது.

மறுநாள், எஸ்டேட் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணியிடம் ஓடினேன். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"தலைகீழா செஞ்சிட்டீங்களே கிராணி! அடியில தேச்சா தகடு வலு கொறஞ்சு மெதுவா ஆடும், சுதி எறங்கிடும். நுனியில தேச்சா கனம் கொறஞ்சு வேகமா ஆடும், சுதி ஏறும்."

"ஜெர்மன் சாமான் எப்படிப்பா இறங்கும்?"

"ஓங்கி ஓங்கி ஊதினா எந்தத் தகடும் அசந்துபோவும். ஊதினது யாரு?"

மவுத் ஆர்கனை அவன் கையில் கொடுத்தேன். ரீடுக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, நுனியை இரண்டு இழுப்பு தேய்த்தான். ஊதினேன். இன்னும் இரண்டு. நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றே போனது.

கடையில் வாங்கிய சாமானை நம்பினேன். ஆறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவளை நம்பவில்லை. நாமெல்லாம் இப்படித்தானோ?

வீட்டில் ராஜம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "தப்பு என்னுது, ராஜம்."

முறத்தைக் கீழே வைத்தாள். "நுனியில தேச்சா ஏறும், அடியில தேச்சா எறங்கும். அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கு அடியிலதான் தேய்க்கணும். பாடுறேன்... ஆனா இப்ப சொன்னதை டிரஸர் முன்னால சொல்லுங்க."

இந்த ஞாயிறு டிரஸர் மறுபடி சாப்பிட வருகிறார். கூப்பிட்டது நான்தான்.