வேலியோரம் போட்ட போஞ்சி

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, காலையிலேயே பலீல் நானா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மாத்தளையிலிருந்து யட்டவத்த போகும் ரோட்டில், ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். பெரும்போக மழைக்கு முன்னால் அவர் எனக்குப் போஞ்சி விதை தருவார். நான் அவருக்குக் கத்தரி நாற்றுத் தருவேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

இந்த வருஷமும் கொப்பித் தாளில் பிளான் போட்டேன். வெயில் விழும் பக்கம் கத்தரி, நடுவில் கறிமிளகாய், வேலியோரம் போஞ்சி. மழையும் சொல்லிவைத்த மாதிரி வந்தது. ஒரு வாரத்தில் அவர் பக்கம் போஞ்சி வரிசையாகத் தலை காட்டியது. என் பக்கம்... வெறும் மண்.

ஒரே விதை. ஒரே மழை. அது எப்படி?

போன வருஷம் கலேவெலவில் ஒரு விதைப் பாக்கெட் வாங்கினேன். அட்டையில் படம் கறிமிளகாய், காய்த்தது வாயை எரிக்கும் கொச்சிக்காய். சூடு கண்ட பூனை நான். நல்ல விதையைத் தனக்கு வைத்துக்கொண்டு, விதைப் போத்தலின் அடியில் கிடந்த பழசை நானா எனக்குத் தள்ளிவிட்டாரோ?

ஆதாரமும் கிடைத்தது. சில நாளாக வேலியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறார். நான் கொடுத்த நாற்று நடப்படாமல் ஒரு மூலையில் வாடிக் கிடக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் - வேறென்ன? போய்க் கேட்டால் என்ன என்றாள் மனைவி. அவர் வாயாலேயே வரட்டும் என்றிருந்தேன்.

வந்தது.

"மாஸ்டர், தப்பா எடுக்க வாணாம். வேலிக்குக் கிட்ட என்னத்தப் பொதைச்சிருக்கீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தினமும் விடிந்ததும் நான் வேலியோரம் குந்தியிருந்து எதையோ தோண்டுகிறேனாம். எடுத்துப் பார்க்கிறேனாம். திரும்ப மூடிவிட்டு அவர் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறேனாம். அவர் மனைவி - எனக்கு ராத்தா - ஜன்னலால் பார்த்திருக்கிறார். முதல் நாள் சும்மா விட்டார். மூன்றாம் நாள், இது செய்வினைத் தகடுதான் என்று முடிவுகட்டிவிட்டார். அன்றிலிருந்து என் நாற்றுக்கும் அந்த வளவில் இடமில்லை.

தோண்டியது உண்மை!

"வெத மொளைச்சிருச்சான்னு பார்த்தேன் நானா."

"தினமுமா?"

தினமும்தான். மழை விழுந்த இரண்டாம் நாளே சந்தேகம் வந்து ஒன்றைக் கிளறினேன். மறுநாள் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. வேர்தானா, பூஞ்சணமா? அடுத்த நாளும் கிளறினேன். பக்கத்து விதையையும். அப்படியே வரிசை முழுவதும். என் விரல் பட்டே எல்லா வேரும் ஒடிந்துபோனது, வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.

நானா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப எங்க வீட்ட ஏன் பார்த்தீங்க?"

"நீங்க பழைய வெதையத் தந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

பன்னிரண்டு வருஷம் விதை தந்த மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இனி இந்த வேலி வெறும் வேலிதான் என்று பயந்தும் போனேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஊற்றச் சொல்லுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் ராத்தாவே விதைப் போத்தலோடு வந்தார். நான் போட்டு மூடும்வரை பக்கத்திலேயே நின்றார். விதையைத் தவிர வேறு ஏதாவது போடுகிறேனா என்று பார்க்கத்தான்.

ஒரு வாரம் வேலிப் பக்கமே போகாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்று விடாமல் முளைத்துவிட்டது.

அது சரி... இவ்வளவு நல்ல விதை நானா கையில் இருந்ததென்றால், முதலில் தந்தது எது?